நாங்க என்ற கோடு

கரிசக்குளத்தில் முதல் கோடு விழுந்தது டவுன் பஸ்ஸுக்குள்தான். அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அதே பஸ்ஸில் தீப்பெட்டியாபீசுக்குப் போய்வருகிறார்கள். மீதிப் பேர் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் ஏறவே இல்லை, ஆனாலும் சத்தியம் செய்கிறார்கள். நடந்தது இதுதான். கண்டக்டர் பின்படிக்கட்டைப் பார்த்து யாரப்பா அங்கே தொங்குவது என்று கேட்டார், ஒரு காலேஜ் பையன் தலையை நீட்டி "நாங்கதாண்ணே" என்றான், அவன் வாயை மூடுவதற்குள் பஸ்ஸின் இரும்புத் தரையில் கோலமாவை விரல் நுனியால் இழுத்துவிட்டது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு கிளம்பி, நான்கு பையன்களின் செருப்புகளைச் சுற்றி, கீரைக்கூடையை ஒதுக்கி, கோழி கட்டிய சாக்கைத் தாண்டி, நேராக மூன்றாவது சீட்டுக்கு வந்து, அங்கே ஜன்னலோரம் இந்தப் பையன்களையெல்லாம் முன்பின் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் காலடியையும் சேர்த்து வளைத்துக்கொண்டு திரும்பிப்போய்த் தன் வாலைத் தானே தொட்டு நின்றது. பஸ்ஸே அந்தப் பெண்ணைப் பார்த்தது. அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே இருந்த சோளக்காட்டைப் பார்த்தாள். கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்தார், பஸ் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பஸ்ஸில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள், எழுந்த வேகத்தில் கம்பியில் தலையை இடித்துக்கொண்டாள். அவள் ராஜகனி. லேத் பட்டறை தவசிலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆனவள், விட்டுப்போன படிப்பைத் தபால் வழியில் மறுபடி பிடித்துக் கணிதப் பட்டம் படிக்கிறவள், அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். மடியில் விரித்து வைத்திருந்த புத்தகத்தின் முதல் பாடம் கணங்கள். "கணம் என்பது நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு" என்று அவள் எத்தனை தடவை உருப்போட்டாலும் மண்டைக்குள் இறங்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்த அந்த வரி, இப்போது இரும்புத் தரையில் வெள்ளையாக, வளைவாக, ஐந்து உறுப்புகளோடு காலடியில் கிடந்தது. யார் உள்ளே, யார் வெளியே என்பதில் துளிக்கூடச் சந்தேகமில்லை. நன்கு வரையறுக்கப்பட்டது என்றால் இதுதானா என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வகுப்பில் அன்று முழுவதும் அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கோடு. யார் "நாங்க" என்றாலும் கோடு, யார் "நாம" என்றாலும் கோடு. கல்குவாரியில் வெடி வைத்ததால் பூமி கலங்கிவிட்டது என்றார்கள் சிலர், அம்மன் கொடை நெருங்குகிறது, அவள் விளையாடுகிறாள் என்றார்கள் சிலர், ரெண்டு நாள் அதைப் பற்றிப் பேசிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், ஏனென்றால் காரணம் தெரியாததால் கரிசக்குளத்தில் எந்த அடுப்பும் எரியாமல் இல்லை. ஊர் கண்டுகொண்டதெல்லாம் கோட்டின் குணத்தைத்தான். "நாங்க" என்று சொன்னால் கோடு கேட்கிற ஆளை வெளியே விட்டுவிட்டு வளையும். "நாம" என்று சொன்னால் கேட்கிற ஆளின் குதிகாலுக்குப் பின்னால் போய் அவரையும் அணைத்துக்கொண்டு வளையும். மனசில் இருப்பதுதான் கோடு, வாயில் இருப்பது அல்ல. இது தெரியாமல் ஜவுளிக்கடைக்காரர் வாசலில் நின்று வழக்கம்போல "வாங்கண்ணாச்சி, இது நம்ம கடை" என்று வருகிறவர் போகிறவர்களையெல்லாம் கூப்பிட, கோடு அவரையும் உள்ளே விசிறிக்கொண்டிருந்த அவர் மச்சினனையும் மட்டும் சுற்றிக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் "என் கடை" என்றே சொல்லப் பழகிக்கொண்டார். பாவம், வியாபாரம் ஒன்றும் குறையவில்லை.

ஊர் அதோடு வாழக் கற்றுக்கொண்ட வேகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் "நாங்க அப்படியெல்லாம் எதிர்பாக்கிறவங்க இல்ல" என்றதும் பெண் வீட்டார் குனிந்து, கோட்டுக்குள் தங்கள் சொந்தத் தரகரே நிற்பதைப் பார்த்துவிட்டுக் காப்பித் தம்ளர்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். எந்த விசேஷத்திலும் முதல் நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய ஒரு பெரிய மனிதர் தன் கோட்டில் தான் எங்கே முதலில் இருக்கிறோம் என்று சுற்றிச் சுற்றி வந்து தேடினார். வட்டத்துக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, கணத்தில் உறுப்புகளை எந்த வரிசையில் சொன்னாலும் கணம் அதேதான் என்று ராஜகனி அவரிடமே போய்ச் சொன்னாள், அவர் அதை ஒரு வசவாக எடுத்துக்கொண்டார். இரண்டு மகளிர் குழுக்கள் சேர்ந்து கூட்டம் போட்டபோது இரண்டு வட்டங்களும் ஒன்றோடொன்று கலந்து ஒரே பெரிய வட்டமாகிவிட்டன. இரண்டு குழுவிலும் பெயர் வைத்திருந்த ஒரு அக்கா தனக்கு இரண்டு மிக்சர் பொட்டலம் வேண்டும் என்று மல்லுக்கு நின்றாள். "ரெண்டு கணத்தோட சேர்ப்புல ஒரு ஆளு ஒரு தடவைதான்க்கா வருவாக" என்று ராஜகனி சந்தோஷத்தில் மூச்சு வாங்கச் சொன்னாள். அக்கா மிக்சரை விட்டுவிட்டு இவளை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். சங்கத்தின் செயலாளர் மைக்கைப் பிடித்து, "மீட்டர் விஷயத்துல ஒருநாளும் பொய்யே சொல்லாத நாங்க" என்று ஆரம்பித்தார். அவர் காலடியில் ஒன்றும் விழவில்லை. ஆட்டோக்காரர் யார் காலடியிலும் விழவில்லை. சந்தை முக்கில், வேப்பமரத்துக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே, ஆள் இல்லாத இடத்தில் ஒரு வட்டம் விழுந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. வெறும் வட்டம். மற்றக் கோடுகளெல்லாம் உள்ளே நிற்கிறவர்கள் காலிலேயே மிதிபட்டு அரைநாளில் அழிந்துபோகும். இதற்குள் மிதிக்க ஆள் இல்லாததால் இது அழியவே இல்லை. மறுநாள் ஹாஸ்டல் பையன்கள் "விடிய விடியப் படிச்ச நாங்க" என்றபோது புதிதாக எதுவும் விழாமல் சந்தை முக்கு வட்டமே பளிச்சென்று ஒருமுறை மின்னியது, அதற்கடுத்த நாள் கட்சிக்காரர்கள் "பதவிக்கு ஆசைப்படாத நாங்கள்" என்றபோதும் அதே வட்டம்தான் மின்னியது. உலகத்தில் வெற்றுக் கணம் ஒன்றே ஒன்றுதான் என்று புத்தகம் சொன்னதை ராஜகனி இதுவரை நம்பியதில்லை, ஒன்றுமில்லாததில் என்ன ஒன்று இரண்டு என்று நினைத்திருந்தாள். அன்று அவள் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்கே ஓடினாள். ஊர் அதற்குச் சும்மா வட்டம் என்று பெயர் வைத்தது. யாருடைய வட்டத்துக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை, எல்லாக் கணத்துக்கும் அது உட்கணம் என்று அவள் கரும்புச்சாறுக்காரருக்கு விளக்கினாள், அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுக் கரும்பைத் திருப்பிப் போட்டார்.

இப்படி ஊரெல்லாம் துள்ளித் திரிந்தவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் அடங்கிவிடுவாள், அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருந்தாள், தவசிலிங்கத்தின் மகள் இலக்கியா. அவளுடைய அம்மா பாண்டியம்மாள் காய்ச்சலில் போய் ஐந்து வருஷமாகிறது. இலக்கியா ராஜகனியைச் சித்தி என்று கூப்பிடுவாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள், வைத்ததைச் சாப்பிடுவாள், ஆனால் "நாம" என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. "நாங்க காரம் கம்மியாத்தான் சாப்பிடுவோம் சித்தி", "நாங்க பொங்கலுக்கு ஆச்சி ஊருக்குப் போவோம் சித்தி", எல்லாம் நாங்க, எல்லாம் நாங்க. முன்பு அது காதில் மட்டும் விழுந்தது. இப்போது தரையிலும் விழுந்தது.

முதல்முறை அதைப் பார்த்த மத்தியானம் ராஜகனி கையில் கரண்டியோடு நின்றாள். "நாங்க வெள்ளிக்கிழமை கறி சமைக்க மாட்டோம் சித்தி" என்றாள் இலக்கியா, சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்க் கீழே பார்த்தாள். கோடு அவள் காலைச் சுற்றி, கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த தவசிலிங்கத்தைச் சுற்றி, சுவரில் பாண்டியம்மாளின் போட்டோவுக்கு நேர் கீழே வெறும் தரையில் கொஞ்சம் இடம் விட்டு வளைந்து, திரும்பி வரும் வழியில் ராஜகனியின் கட்டைவிரலை ஒட்டி, தொட்டும் தொடாமலும் ஒதுங்கிப் போனது. பாண்டியம்மாளிடம் அவளுக்குப் பொறாமையே கிடையாது. அந்தப் போட்டோவுக்கு அவள்தான் தினம் பூ வைக்கிறாள். அந்த ஒதுங்கல்தான் அவளைச் சுட்டது. அவளுக்கு அழுகை வந்தது, வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

ஆனால் அவள் சும்மா அழுதுகொண்டிருக்கிறவள் அல்ல. யோசித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்கிற "நாங்க"வில் நான் எப்படி இருக்க முடியும், அந்தச் சொல்லின் சுபாவமே கேட்கிறவளை வெளியே விடுவதுதானே. இலக்கியா வேறொருவரிடம் நாங்க என்று சொல்லும்போது அல்லவா பார்க்கவேண்டும்! இந்த எண்ணம் வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்தைப் பிடித்து, இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உங்கள் வீட்டில் யார் யார் என்று கேட்டுவிடு என்று கெஞ்சிச் சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரியபுஷ்பம் பதற்றத்தில் கேள்வியை மாற்றி, உங்க வீட்டுல எத்தனை பேரு என்று கேட்டுவைத்தாள். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருப்பவளை இலக்கியா ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு பேரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். "நாங்க" என்ற சொல்லே வரவில்லை, கோடும் வரவில்லை.

மூன்று. அந்த மூன்றை வைத்துக்கொண்டு ராஜகனி பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பா, மகள், சித்தி என்றாலும் மூன்று. அப்பா, மகள், அம்மா என்றாலும் மூன்று. இரண்டு கணங்களில் உறுப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே கணமாகிவிடாது என்று பாடத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அந்த வரியைப் படித்தபோது அவளுக்குப் புத்தகத்தின் மேலேயே கோபம் வந்தது.

கொடை வந்தது. முளைப்பாரியை முதலில் தூக்கிக்கொண்டு போவது வடக்குத் தெருவா தெற்குத் தெருவா என்ற வருடாந்திரச் சண்டையும் வந்தது. சந்தைத் திடலில் பெண்கள் தலையில் முளைப்பாரிச் சட்டிகளோடு காத்து நிற்க, மேளக்காரர்கள் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருக்க, வடக்குத் தெருக்காரர் ஒருவர் துண்டை உதறி "நாங்கதான் முதல்ல" என்றார். பெரிய வட்டம் ஒன்று விழுந்தது. தெற்குத் தெருக்காரர் விடுவாரா, "நாங்கதான் முதல்ல" என்றார். இன்னொரு பெரிய வட்டம் விழுந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுவில் பிறைநிலா இரண்டை முகம் பார்க்கவைத்து ஒட்டியது போல ஓர் இடம் உண்டாக, அந்த இடத்துக்குள், வடக்கில் பிறந்து தெற்கில் வாழ்க்கைப்பட்டவர்களும் தெற்கில் பிறந்து வடக்கில் வாழ்க்கைப்பட்டவர்களுமாக ஒரு பெண்கூட்டம் தலையில் சட்டிகளோடு நின்றிருந்தது. புத்தகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாகப் போட்டிருந்த வெண்படம் அப்படியே, அச்சுப் பிசகாமல், உயிரோடு, பச்சை முளை காற்றில் ஆட நின்றது. ராஜகனிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. இரண்டு கணங்களுக்கும் பொதுவான உறுப்புகளின் கணத்துக்குப் பாடத்தில் என்ன பெயரோ அந்தப் பெயரை அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வெட்டு! அந்தா பாருங்க, வெட்டு!"

எங்கள் பக்கத்தில், அதுவும் கொடை நாளில், அதுவும் இரண்டு தெரு மல்லுக்கு நிற்கிற நேரத்தில் கத்தக் கூடாத ஒரு வார்த்தை உண்டென்றால் அது இதுதான். வடக்குத் தெரு வடக்கே ஓடியது, தெற்குத் தெரு தெற்கே ஓடியது, கடைகளின் ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின, மேளக்காரர் மேளத்துக்கு அடியில் போனார், கறிக்கடைக்காரர் கையிலிருந்த கத்தியைத் தூரப் போட்டுவிட்டு நான் இல்லை நான் இல்லை என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். ஓடாமல் நின்றவர்கள் அந்தப் பெண்கள் மட்டும்தான். தலையில் முளைப்பாரியை வைத்துக்கொண்டு யாரால் ஓட முடியும். திடல் காலியாகி வழியும் திறந்து கிடக்கவே, இதற்கு மேல் என்ன என்று அவர்கள் பாட்டுக்குக் குலவை போட்டுக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார்கள். பிறகு திரும்பிவந்த இரண்டு தெருவும் முதலில் போனது எங்கள் பெண்கள் என்று மார்தட்டிக்கொண்டன, இரண்டு தெரு சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

ஏட்டு வந்தார். வெட்டு என்று கத்தியது யார் என்றார், ஊரே ராஜகனியைக் காட்டியது. அது கணக்கு வெட்டு, கத்தி வெட்டு இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல அவருக்கு ஒன்றும் புரியவில்லை, நீ யாரம்மா, எந்த வீடு என்றார். பள்ளிக்கூடச் சீருடையில் இலக்கியா கூட்டத்தில் நிற்பதை ராஜகனி பார்த்தாள். பதற்றத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நாங்க லேத் பட்டறை தவசிலிங்கம் வீட்டு ஆளுங்கய்யா."

கோடு விழுந்தது. இலக்கியாவைச் சுற்றியது. கடைத்தெரு வழியாகப் பட்டறையைத் தேடி ஓடியது, அங்கே இரும்புத்தூளுக்கு நடுவில் நின்ற தவசிலிங்கத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து இலக்கியாவின் காலடியிலேயே மூடிக்கொண்டது. ராஜகனி நின்ற இடத்தில் ஒன்றுமில்லை. நாங்க என்று சொன்னவளே அந்த நாங்கவுக்கு வெளியே நின்றாள். இத்தனை நாளில் ஊர் எத்தனையோ கோட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறது, இதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. ஏட்டு தொப்பியைச் சரி செய்துகொண்டு, சரிம்மா போயிட்டு வா என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இலக்கியா பையைத் தூக்கி எறிந்தாள். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு சாமான் எறியப்பட்டது அதுதான் முதல் தடவை.

"சந்தையில எல்லாரும் பாத்தாக சித்தி. நீங்க நாங்கன்னு சொல்றீக, கோடு என்னையச் சுத்துது, அப்பாவத் தேடிப் போகுது, உங்கள மட்டும் காணோம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"உனக்கென்ன? நீ சொல்லும்போதும்தான் நான் அதுல இல்ல."

"நான் சொல்றது நான் சொல்றது. உங்க வாய்லயே நீங்க இல்லன்னா நான் எங்கிட்டுப் போயி உங்கள உள்ள வைக்க? வந்த நாள்லருந்து உங்க வீட்டு உப்பு எங்க இருக்கு, உங்க அப்பா எப்ப வருவாரு, உங்க வீட்டு டிவியப் போடவான்னு கேட்டுக்கிட்டே இருக்கீக. தம்ளர் எடுக்கக்கூட என் மூஞ்சியப் பாக்குறீக. விருந்தாளிக்கிட்ட நாங்கன்னு பேசாம வேற எப்படிப் பேச?"

ராஜகனி தான் சொன்னதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். உங்க வீடு, உங்க அப்பா, உங்க அடுப்பு. ஆமாம், அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், உரிமை கொண்டாடுகிறாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றிவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிப் பார்த்து ஓரமாக வைத்திருக்கிறாள். இத்தனை நாளும் பிறர் போட்ட வட்டங்களையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தான் போட்ட வட்டத்தைப் பார்க்க இன்றைக்குத்தான் வாய்த்தது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன, வந்த கோபத்தை அவள் இந்த முறை விழுங்கவில்லை.

"எதையாச்சும் தொட்டுட்டா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவேன்னுதான் கேட்டேன்."

"தூக்கி வச்சா வச்சுட்டுப் போறேன், நீங்களும் தூக்கி வைங்க. இத்தன நாளா உங்களுக்கு மூஞ்சியே இல்லையா? ஒரு தம்ளருக்காக நாம இப்படி நின்னு மல்லுக்கட்டுறத யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாக?"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. கோடு சத்தமில்லாமல் வந்தது. இலக்கியாவின் காலிலிருந்து கிளம்பி, எறிந்து கிடந்த பையைத் தாண்டி, ராஜகனியின் குதிகாலுக்குப் பின்னால் போய், சேலை விளிம்பை உரசி, முன்பக்கம் வந்து மூடிக்கொண்டது. போட்டோ இருந்த சுவர்ப்பக்கம் போகவில்லை, வாசல் பக்கமும் போகவில்லை. இரண்டே உறுப்புகள், அதில் ஒன்று அவள். ராஜகனி கால் விரலைக்கூட அசைக்காமல் நின்றாள்.

இலக்கியாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் தவசிலிங்கத்தின் மகள், ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிற ஜாதியில்லை.

"கீழ பாக்காதீக. நான் இன்னும் பேசி முடிக்கல."

"நானும்தான் முடிக்கல" என்றாள் ராஜகனி. ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது, சீப்பில் முடியை அப்படியே விட்டுவிடுவது, சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவுவது என்று இரண்டு வருஷமாக அவள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தம் போட்டுச் சொன்னாள். இலக்கியாவும் சளைக்கவில்லை, ரசத்தில் ஆரம்பித்தாள். அடுத்த வீட்டு மரியபுஷ்பம் சுவரில் காதை வைத்தாள். இத்தனை சத்தமாக, இத்தனை சந்தோஷமாகத் தன் வாழ்நாளில் சண்டை போட்டதே இல்லை என்று ராஜகனிக்குத் தோன்றியது, அவள் குரல் இன்னும் ஏறியது.

கோடு தன்னைத் தேடி வந்ததைப் பார்த்துவிட்டுப் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த தவசிலிங்கம் வாசலில் கிரீஸ் கையோடு நின்று, என்ன ஆச்சு, யாருக்கு என்ன, என்று கேட்டபடி காலை உள்ளே எடுத்து வைக்கப் போனார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

அவர் அவர்களையும் பார்த்தார், தரையையும் பார்த்தார். எடுத்த காலைப் பின்னால் வைத்து, கோட்டை மிதித்துவிடாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே சண்டை நடக்கட்டும் என்று பீடியைப் பற்றவைத்தார்.